எருக்கஞ்செடியும் அத்தையின் பூக்குடலையும்

சென்னையிலிருந்து மகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவர்கள் அடுக்குமாடிச் சுவரோரம் முளைத்த செடியாம். "இது என்னம்மா?" என்கிறாள். எருக்கு! எருக்கு தெரியாத பிள்ளையைப் பெற்றிருக்கிறேன், அதுவும் உயிரியல் டீச்சராக இருந்துகொண்டு. சிரிப்பதா அழுவதா சொல்லுங்கள். ஆனால் பார்த்த மாத்திரத்தில் அந்தப் பால் வாடை மூக்குக்கு வந்துவிட்டது. கூடவே அத்தையும் வந்துவிட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்த புதிது. ராஜபாளையத்தில் ஒரு பள்ளியில் வேலை, தினமும் பஸ். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, அது பிடிக்கவில்லை. "லீவு முடியட்டும், பொறவு பாப்போம்" என்று சொல்லியிருந்தார். அந்தப் 'பாப்போம்' எனக்கு 'வேலையை விடு' என்றுதான் கேட்டது. வீட்டுக்காரரோ அம்மாவுக்கு எதிர்ப்பேச்சு பேசாத உத்தமர்.

அந்த மே மாதம், பிள்ளைகளையும் அம்மாக்களையும் சாயங்காலம் கண்மாய்க்கரைக்கு அழைத்துப்போய்ப் பூவும் பூச்சியும் காட்டும்படி தலைமையாசிரியை சொன்னார். "நீ என்னதான் வேலை பாக்கேன்னு நானும் வந்து பாக்கேன்" என்று அத்தையும் கிளம்பிவிட்டார், கையில் பூக்குடலையோடு. பூப் பார்க்கப் போவதென்றால் எங்கள் ஊரில் பறிக்கப் போவதுதான். சும்மா பார்த்துவிட்டு வர யாராவது பஸ் ஏறுவார்களா?

வெயில் தாழ்ந்திருந்தது. ஆவாரை, நெருஞ்சி, பொழுது சாயும்போது விரியும் துத்தி என்று காட்டிக்கொண்டே போனேன். மனப்பாடம் செய்த லத்தீன் பெயர்களையும் எடுத்துவிட்டேன். ஒரு குழந்தை வாய் கொள்ளாமல் கொட்டாவி விட்டது, நிறுத்திக்கொண்டேன். அப்போது பின்னால் காம்பு ஒடியும் சத்தம்.

"யாரது? கையை எடு!"

வகுப்பறைக் குரல், தானாக வந்துவிட்டது. திரும்பினால், பிள்ளையாருக்கு மாலை கட்ட எருக்கம்பூவில் கை வைத்தபடி அத்தை. அம்மாக்கள் அத்தனை பேரும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒழிந்தது வேலை என்று நினைத்தேன்.

"இல்ல அத்தை... அதுல புழு இருக்கு" என்று உளறினேன். நல்லவேளை, உண்மையிலேயே இருந்தது. கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாய் வரிவரியாக, சாவகாசமாக இலையைத் தின்றுகொண்டிருந்தது.

அத்தை குனிந்தார். "ஏட்டி, இது விசப்பாலுல்லா? சாவாதா?"

"சாவாது அத்தை. அந்த விசம் ஒடம்புல தங்கிரும். பட்டாம்பூச்சியான பொறவும் குருவிக அதத் தின்னாது."

அத்தை பூவிலிருந்து கையை எடுத்தார். பிறகு பூக்குடலையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"யாரும் செடியில கைய வைக்காதிய! டீச்சர் சொன்னது காதுல விழலையா?"

அவர் என்னை டீச்சர் என்றது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மீதி வழி முழுக்க அத்தைதான் காவல். தட்டான் பிடிக்கப் போன பிள்ளைகளெல்லாம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

பள்ளி திறந்த அன்று விடியற்காலையிலேயே டிபன்பாக்ஸ் கட்டி வைத்திருந்தார். நான் மலைத்து நின்றேன்.

"நின்னுட்டே இருந்தா பஸ்ஸு போயிரும். அந்தப் புழு என்னாச்சுன்னு பாத்துட்டு வந்து சொல்லு."

அந்தக் கரையில் இப்போது வரிசையாக வீடுகள். ஓய்வு பெறும்வரை நான் மே மாத நடையை விடவில்லை. வேறு கரை, வேறு எருக்கு, புழு மட்டும் தவறாமல் இருக்கும். வீடு திரும்பினால், அது என்னாச்சு என்று கேட்கத்தான் ஆள் இல்லாமல் போய்விட்டது.