மருந்து மேசையும் பிரபாலினியும்

பிரபாலினிக்கு வாய் நீளம். எனக்கும் நீளம்தான். அதனால்தான் எங்கள் சிநேகிதம் இத்தனை வருடம் நின்று பிடித்திருக்கிறது. ஜெர்மனியில், வுப்பர்டாலில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் இரண்டு பேரும் ஒன்றாக வேலை செய்தோம். படுக்கை விரிப்பை மடித்தபடியே அவள் இல்லத்து ஜெர்மன் கிழவிகளின் பெயர்களைச் சொல்லிச் செபிப்பாள். "உந்த இயேசுவுக்கு டொச் விளங்குமோ?" என்று சீண்டுவேன். "உன்ர முருகனுக்கு விளங்குதெண்டா இவருக்கும் விளங்கும். நீ மற்ற நுனியைப் பிடி கமலா" என்பாள். நான் சைவம். நெற்றியில் திருநீறு இல்லாமல் வீட்டுப் படி இறங்க மாட்டேன்.

பிறகு அவளுடைய சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. ஊசி ஏற்றுவதற்காக இடது கையில் இரண்டு இரத்தக்குழாய்களை ஒன்றாக இணைத்துத் தைத்துவிட்டார்கள். அந்த இடத்தைத் தொட்டால், மடியில் கிடக்கும் பூனை மாதிரித் தோலுக்குக் கீழே எந்நேரமும் உறுமிக்கொண்டிருக்கும். திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். அவளுக்குக் கார் ஓடத் தெரியாது, நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். அங்கேயும் வாய் சும்மா இருக்காது. பக்கத்துக் கதிரையில் ஒரு ஜெர்மன் கிழவர், கடவுளே இல்லை என்று அடித்துச் சொல்கிற மனிதர். அவருக்காகவும் சத்தமாகச் செபிப்பாள். "உன்னையே சுகப்படுத்தாத கடவுள் எனக்கு என்ன செய்வார்?" என்று அவர் ஒருநாள் கேட்டார். "அதை நான் அவரிட்டைக் கேக்கிறன், நீங்கள் கண்ணை மூடுங்கோ" என்று தன்னுடைய உடைந்த டொச்சில் அதட்டினாள். கிழவர் சிரித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

இப்படிப்பட்டவள் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் என்னைப் போனில் கூப்பிட்டு, "இண்டைக்கு வராதை. நான் டயாலிசிசுக்குப் போகேல்லை" என்றாள்.

"ஏன், காய்ச்சலோ?"

"இல்லையடி. சுகமாயிட்டன்."

கதை இதுதான். வேறு நாட்டிலிருந்து ஒரு போதகர் வந்து, வியாழன் மாலை அவர்களுடைய சபையில் சுகமளிக்கும் கூட்டம் நடத்தியிருக்கிறார். தலையில் எண்ணெய் பூசிச் செபித்தபோது உடம்பெல்லாம் சூடு ஓடியதாம். "சுகம் இறங்கிவிட்டது. இனி மெஷினுக்குப் போவது அவிசுவாசம்" என்று சொல்லிவிட்டாராம். அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. சுகம் கிடைத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று சாட்சி சொல்லி, அதுவரை எடுத்த மருந்தை முன்னாலுள்ள மேசையில் வைத்துவிட்டுப் போக வேண்டும்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "உனக்கென்ன விசரோ? பொட்டாசியம் ஏறினா இதயம் நிண்டுடும் எண்டு டொக்டர் உனக்குத்தானே சொன்னவர்?" என்று கத்தினேன். "உனக்கு விசுவாசம் இல்லை, உனக்கு விளங்காது" என்று போனை வைத்துவிட்டாள். சனிக்கிழமை வீட்டுக்கே போய் மணியடித்தேன். கதவைத் திறந்தவளின் கண் இமைகள் வீங்கியிருந்தன, கால் செருப்புக்குள் அடங்கவில்லை. "ஞாயிறு சாட்சி சொல்லிப்போட்டுப் பாப்பம்" என்றாள். அவள் கதைக்கும்போது இடையிடையே மூச்சு வாங்கியது. செத்துப்போகப் போகிறாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது, என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளோடு நானும் போனேன். சாட்சி முடிந்த கையோடு தலைமயிரைப் பிடித்தென்றாலும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போவதென்பது என் எண்ணம். ஜெர்மன் தேவாலயமொன்றின் மண்டபத்தைத்தான் அவர்கள் பிற்பகலில் வாடகைக்கு எடுப்பார்கள். வெளியே ஆற்றுக்கு மேலே தொங்குரயில் கிறீச்சிட்டுக்கொண்டு போனது, உள்ளே கீபோர்டும் கைதட்டலும். போதகர் மிடுக்கான ஆள், நல்ல கோட். மேசையில் ஏற்கெனவே மருந்துப் பெட்டிகள் கிடந்தன. அந்தச் சபைக்கு வழக்கமாக வரும் நாகமுத்து அண்ணையின் பிரஷர் குளிசையும் அதில் ஒன்று.

பிரபாலினியைக் கூப்பிடுவதற்கு முன்னர் கம்சனா என்ற இளம் தாய் முன்னுக்கு வந்தாள். கையில் தன் மகள் மிதுஷாவின் நீல நிற ஸ்ப்ரே. பிள்ளைக்கு இழுப்பு வந்தால் மூச்சைத் திறந்துவிடுகிற ஸ்ப்ரே அது. "என்ர பிள்ளைக்கு இனி இது தேவையில்லை" என்று தழுதழுத்துச் சொல்லி மேசையில் வைத்தாள். தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளையின் நெஞ்சு அப்போதும் விசில் அடித்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் இருந்த எனக்கும் பிரபாலினிக்கும் அது கேட்டது.

பிரபாலினி எழும்பினாள். கதிரையைப் பிடித்துப் பிடித்து மேசையடிக்குப் போனாள். சனம் அல்லேலூயா என்றது. அவள் மைக்கை வாங்கவில்லை. மேசையிலிருந்த ஸ்ப்ரேயை எடுத்துக் கம்சனாவின் கைக்குள் திணித்து, "முதலிலை பிள்ளைக்கு அடி. பிறகு அழு" என்றாள்.

போதகர் முகம் சிவந்து, "சகோதரி, சத்துரு உங்களைத் தடுக்கிறான்" என்றார். பிறகு அவருடைய கண் என் திருநீற்றில் வந்து நின்றது. "இந்த இடத்தில் அவிசுவாசம் இருக்கிறது. அதுதான் தடை" என்றார்.

எனக்கு எழும்பிக் கிழிக்க வேண்டும் போல் இருந்தது. அவள் என்னை முந்திவிட்டாள்.

"அவளைச் சொல்லாதேங்கோ! மழையெண்டும் பாராமல் பனியெண்டும் பாராமல் என்னை மெஷினுக்குக் கொண்டுபோய் விட்டவள் அவள். இவ்வளவு நாளும் நான் உயிரோடை இருக்கவேணும் எண்டு நம்பினவள். அதுக்குப் பேர் அவிசுவாசமோ?"

"சகோதரி, நீங்கள் சாட்சி சொல்ல வந்தீர்கள்."

"ஓம், சொல்லத்தான் வந்தனான்." மேல்சட்டையின் கையை மடித்து இடது கையை நீட்டினாள். "தொட்டுப் பாருங்கோ ஐயா. மெஷினுக்குத் தைச்ச குழாய் இன்னும் ஓடுது. வியாழக்கிழமை எனக்கு உடம்பெல்லாம் சூடு வந்தது உண்மை. ஆண்டவர் பக்கத்திலை நிண்டதும் உண்மை. ஆனா நான் சுகமாகேல்லை. என்ர கால் வீங்கிக் கிடக்கு, மூச்சு விட ஏலாமல் இருக்கு. இதுதான் என்ர சாட்சி. நான் பொய்ச் சாட்சி சொல்லி ஆண்டவரைப் பெரிய ஆளாக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை."

"விசுவாசித்திருந்தால் சுகம் நிலைத்திருக்கும்!"

"அப்படியோ?" என்றாள். இளைத்தது, ஆனாலும் விடவில்லை. "இயேசு தோட்டத்திலை முழங்காலிலை நிண்டு, இந்தப் பாடு வேண்டாம் எண்டு அழுது கேட்டவர். அவருக்குக் கிடைச்ச பதில் சிலுவை. அவருக்கும் விசுவாசம் காணாதோ, ஐயா?"

போதகர் கீபோர்ட்காரரைப் பார்த்தார். அவரோ தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாகமுத்து அண்ணை மெதுவாக எழும்பி வந்து, ஒருவரையும் பாராமல் தன் குளிசைப் பெட்டியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓட்டினேன். வழியெல்லாம் அவளைத் திட்டித் தீர்த்தேன், அழுதும் தீர்த்தேன். "இன்னும் ஒரு நாள் போயிருந்தால்..." என்று டொக்டர் தொடங்கினார். "தெரியும், மெஷினைப் போடுங்கோ" என்றாள். இரத்தம் குழாயில் சுற்றத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவளுக்கு மூச்சு சீராக வந்தது. எனக்கும் அப்போதுதான் வந்தது.

"இனியாவது உந்தச் செபத்தை விடுவியோ?" என்று கேட்டேன்.

"ஏன் விடவேணும்? அந்த மனிசன் பிழையாச் சொன்னதுக்கு ஆண்டவர் என்னடி செய்வார்? உன்ர முழங்கால் நோகுதெண்டியே, கிட்ட வா."

"என்ர முழங்காலை விடு."

"வா எண்டுறன்!"

ஊசி குத்தாத கையை என் முழங்காலில் வைத்து, ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி செபித்தாள். தாதி திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்த்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, ஆனால் காலை இழுக்கவில்லை.

கொஞ்ச நாளைக்குச் சபைக்கு வர வேண்டாமென்று அவளுக்குச் சொல்லியனுப்பினார்கள். அவள் ஒவ்வொரு ஞாயிறும் போய் முன்வரிசையில்தான் உட்காருகிறாள். மேசையில் இப்போது பூச்சாடி மட்டும்தான் இருக்கிறதாம்.

என் முழங்கால் இன்னும் நோகிறது. போன திங்கட்கிழமை டயாலிசிசுக்குப் போகும் வழியில், ஒரு குத்தலுக்காகவே அதை அவளிடம் சொன்னேன். "நோகுதோ?" என்றாள். "சரி, காரை ஓரமா நிப்பாட்டு. திரும்பச் செபிப்பம்."

நிறுத்தினேன்.