‘அணு கம்மி’ என்றால் ரத்தம் கம்மி இல்லை

என் கணவருக்கு மூன்று நாளாகக் கடும் காய்ச்சல். மம்சாபுரத்திலிருந்து ராஜபாளையம் போய் ரத்தம் சோதித்தோம். லேப்காரர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், “அணு கம்மியா இருக்குக்கா, வேற ஒண்ணுமில்ல” என்று தாளை நீட்டினார். ரத்தம் கம்மி என்று நினைத்து இரண்டு நாள் பீட்ரூட்டும் மாதுளையும் கொடுத்தேன். மூன்றாம் நாள் ஈறில் ரத்தம் கசிய, மயங்கி விழுந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் டாக்டரம்மா அதே தாளைப் பார்த்துக் கொதித்தார். “வெள்ளை அணுவும் பிளேட்லெட்டும் சேர்ந்து இறங்கியிருக்கு. டெங்குவான்னு அன்னைக்கே பாத்திருக்கணும்மா!”

கணவர் பிழைத்துவிட்டார். என் ஆத்திரம்தான் அடங்கவில்லை. ‘வெள்ளை அணு கம்மி, டாக்டர்கிட்ட காட்டுங்க’ என்று சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

இப்போதெல்லாம், “எந்த அணுண்ணே? எம்புட்டுக் கம்மி?” என்று கேட்டு எழுதி வாங்கி, நேரே டாக்டரிடம் போகிறேன். லேப்காரர்கள் முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.