அனுப்பாத மெயில்கள்

போன மாதம் மின்னஞ்சலை மாற்றினேன். பஸ் டிக்கெட், ஆஸ்பத்திரி சீட்டு, மகளின் பள்ளிக்கூட விவரம் எல்லாம் அந்தப் பெரிய கம்பெனியின் கையில் கிடப்பது பிடிக்கவில்லை. என்னைப் பற்றி என்னைவிட அதற்கு அதிகம் தெரிகிறது என்ற எரிச்சல். ஒருவரும் எட்டிப் பார்க்க முடியாது என்று சொல்லும் சிறிய கம்பெனி ஒன்றுக்குப் போனேன். ஒரே சாயங்காலத்தில் எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

"அப்பறம் பழசெதுக்கு? மூடிப்போடு" என்றார் என் வீட்டுக்காரர்.

"இருக்கட்டுங்க" என்றேன்.

அந்த முகவரி எனக்கு மட்டும் சொந்தமானதல்ல. பாலக்காட்டுச் சித்தூர் காலேஜில் படிக்கும்போது நானும் என் தோழியும் சேர்ந்து தொடங்கியது. அவள் இடுக்கி ஏலத்தோட்டத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியவள். வீட்டை நான் 'ஊடு' என்றாலே விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் என்னை 'ஏட்டி' என்று கூப்பிட்டால் எனக்கும் அப்படித்தான். அப்போது எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த ஒரே போன் என்னுடையது. அதனால் முகவரியும் ஒன்று போதும் என்று முடிவு செய்தோம். விடுதி வார்டனுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர்தான் பாஸ்வேர்டு.

படிப்பு முடிந்து அவள் மலையேறிப் போனாள். பிறகுதான் உறைத்தது, முகவரி ஒன்றாக இருந்தால் யார் யாருக்கு அனுப்புவது? எழுதி அனுப்பாமல் டிராஃப்டில் விட்டுவைப்போம், மற்றவள் திறந்து படித்துக்கொள்வாள். அவளுக்கு சொந்தப் போன் வந்த பிறகும் வேறு முகவரி தொடங்க எங்களுக்கு மனசு வரவில்லை.

போடிமெட்டுப் பக்கம் மலைச்சாலையின் ஒரு வளைவில்தான் அவளுக்கு சிக்னல் கிடைக்கும். 'ஏட்டி, ஒரே மஞ்சு. கையே தெரியல. வளைவுல நின்னு எழுதுதேன்' என்று எழுதுவாள். இங்கே வெயிலில் தென்னந்தோப்பில் உட்கார்ந்து அந்தப் பனிமூட்டத்தைப் படித்தால் எனக்குக் குளிரும்.

கடைசியாக அவள் எழுதியது இவ்வளவுதான்: 'ஏட்டி, அடுத்த மாசம் சித்தூருக்கு வாரேன். வந்தா நாம ரெண்டு பேரும்'

அதோடு நின்றுவிட்டது. சிக்னல் போயிருக்கும் என்று காத்திருந்தேன். மாதம் போனது, வருஷங்கள் போயின. அவள் போன் எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. கல்யாணமாகிப் போய்விட்டாள் என்று யாரோ சொன்னார்கள். எந்த ஊர் என்று தெரியவில்லை. ஒருமுறை போடிமெட்டு வழியாகப் போனபோது ஒவ்வொரு வளைவிலும் ஜன்னலுக்கு வெளியே எட்டி எட்டிப் பார்த்தேன். மகள் என்ன என்று கேட்டாள். மஞ்சு பார்க்கிறேன் என்றேன்.

இத்தனை வருஷமும் அந்த டிராஃப்டை அவ்வப்போது திறந்து, வாக்கியம் முடிந்திருக்கிறதா என்று பார்த்து வந்திருக்கிறேன். பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி எத்தனையோ தடவை எச்சரிக்கை வந்தது. மாற்றவில்லை. மாற்றினால் அவள் எப்படி உள்ளே வருவாள்?

புது இடத்துக்கு அந்த டிராஃப்டும் வந்திருக்கிறது. ஆனால் அது நகல்தான். அங்கே என்னைத் தவிர ஒருவரும் நுழைய முடியாதாம். கம்பெனி அதைப் பெருமையாகச் சொல்கிறது. எனக்குத்தான் ஏக்கமாக இருக்கிறது, அவள் ஒருத்தி நுழைந்தால் போதும் என்று.

நேற்று பழைய கணக்கைத் திறந்தேன். வாக்கியம் அப்படியே இருந்தது. நாம ரெண்டு பேரும் என்ன, புள்ள? எங்காவது போகலாம் என்றிருப்பாளா? சும்மா உட்கார்ந்து பேசலாம் என்றிருப்பாளா? எதுவானாலும் சரி என்று சொல்லியிருப்பேன்.

அவள் எழுதியதைத் தொடாமல் கீழே எழுதினேன்: 'நானு வேற முகவரிக்கு மாறிட்டேன் புள்ள. இதைய மூடலை. பாஸ்வேர்டும் மாத்தலை. வந்தா மிச்சத்த எழுதிப்போடு.'

அனுப்பவில்லை. அங்கே அனுப்பும் வழக்கம் எங்களுக்கு இல்லை.