பத்து ஆம்பியர் பயம்

இன்று மேலகரத்திலிருந்து சாரலில் நனைந்துகொண்டே தென்காசி ரேடியோ கடைக்குப் போனேன்.

ஆறு மாதமாக நானே பொருத்திய ஆம்ப்ளிஃபயருக்குப் பன்னிரண்டு வோல்ட் வேண்டும். அலமாரியில் கார் பேட்டரி சார்ஜர் ஒன்று கனமாக உட்கார்ந்திருந்தது. மேலே '12 வோல்ட், 10 ஆம்பியர்' என்று எழுதியிருந்தது.

"வோல்ட்டு சரிதான். என் செட்டுக்கு ரெண்டு ஆம்பியர் போதும். பத்து போனா கருகிராதா அண்ணாச்சி?" என்றேன்.

கடைக்காரர் சிரித்தார். "செட்டு தனக்கு வேணுங்கத மட்டும்தான் இழுக்கும். நீங்க ஆம்பியரப் பாத்துப் பயப்படுதீய. இங்கன பாருங்க."

சார்ஜரின் முனைகளில் மீட்டரை வைத்தார். முள் பதினேழு வோல்ட்டில் நின்றது.

"பன்னெண்டுன்னு எழுதியிருந்தாலும் பேட்டரி ஏறணும்னா கூடுதலாத்தான் தள்ளும். அத பேட்டரி தாங்கும், உங்க செட்டு தாங்காது. அதுக்கு எலிமினேட்டர்தான் வேணும். பேட்டரிக்குப் பதிலா வைக்குத பெட்டி."

எலிமினேட்டர் ஒன்றை எடுத்துச் சொருகி, மீட்டரை அதில் வைத்தபோது முள் பன்னிரண்டில் அசையாமல் நின்றது.

அதையே வாங்கி, வீட்டுக்கு வந்து இணைத்து, கேசட்டைப் போட்டேன். புகை வரவில்லை, பாட்டுதான் வந்தது. அப்புறம்தான் மூச்சே வந்தது.

எலிமினேட்டர் என்றால் ஒழித்துக்கட்டுவது என்று அகராதியில் படித்துவிட்டு இத்தனை நாள் அதன் பக்கமே போகாமல் இருந்தேன். ஒழித்துக்கட்ட இருந்தது சார்ஜர். இந்தப் பெயர்களை மாற்றி வைத்தது யார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.