பதினேழாம் இலக்கம் உதைக்கும்போது

சனிக்கிழமை மோர்டன் பூங்காவுக்குள்ளால் நடந்துகொண்டிருந்தேன். முட்டை வடிவத்தில் ஒரு சிவப்புத் தோல் பந்து என் காலடியில் வந்து நின்றது. இங்கே குடியேறிய அவுஸ்திரேலியர்கள் சிலர் தங்கள் ஊர்க் கால்பந்தை ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்தை எடுத்துக் கொடுத்த கையில் ஈரத்தோல் மணம் ஒட்டிக்கொண்டது.

சின்ன வயதில் நாங்கள் மெல்பேணில் இருந்தோம். அப்போது எனக்கு ஒன்பது வயது. மழையென்றாலும் அப்பா பிளாஸ்கில் தேத்தண்ணியோடு என்னை மைதானத்துக்குக் கூட்டிப்போவார். அவருக்கு அணியைவிடப் பதினேழாம் இலக்கச் சட்டைக்காரன்தான் பெரிது. அவனைத் 'தம்பி' என்பார். தம்பி எவர் தோளுக்கும் மேலாகப் பாய்ந்து பந்தைப் பிடிப்பான்; கம்பங்களுக்கு நடுவே உதைக்கத்தான் வராது. அவன் உதைக்க வந்து நின்றதும் அப்பா எழுந்து, ஆட்டத்தைப் பாராமல் என் பக்கம் திரும்பி நிற்பார்.

"அவன் தவறவிடுறதைப் பாக்க என்னாலை ஏலாது, பிள்ளை. நீ பார். நான் உன்ரை முகத்திலை பாக்கிறன்."

ஒருநாள் தம்பி உதைத்த பந்து கம்பங்களுக்கு வெளியே போனது. அப்பாவின் கண்களைக் கண்டதும் நான் சிரித்துவிட்டேன். கோலென்று நினைத்து அவர் இரண்டு கைகளையும் தூக்கிக் கத்தினார். சுற்றியிருந்த எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள்.

"இனி எனக்குப் பொய் சொல்லாதை, என்ன?" என்றார், கோபமில்லாமல்.

பல வருடங்களுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் டொக்டர் அவருடைய சோதனை முடிவோடு வந்தபோதும் அப்பா அவரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நான் பொய் சொல்லவில்லை.

பூங்காவில் ஒருவன் உதைக்க வந்து நின்றான். என்னை அறியாமல் மறுபக்கம் திரும்பினேன். நனைந்த இருக்கை ஒன்று இருந்தது. அதில் யாரும் இல்லை.