டெல்மரை வெளியேற்ற வந்தவள்

நோரீன் ஹார்கின் அந்தப் போக்கர் போட்டியில் பெயர் கொடுத்தது ஜெயிப்பதற்காக இல்லை. தன் கணவன் டெல்மர் ஜெயித்துவிடக் கூடாது என்பதற்காக.

பழைய சுரங்க ஊரான ப்யூட் நகரத்தில் ரோவீனாவின் மதுக்கடையில் ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஒரு ஞாயிறு மதியம் அது நடக்கும். பரிசு, சூதாட்ட விடுதிகள் நிறைந்த நெவாடாவில் நடக்கும் பெரிய போட்டியில் ஓர் இடம், ஒரு வாரத்துக்கு ஓட்டல் அறை. இடத்தை ரோவீனா முன்கூட்டியே வாங்கிவிடுவாள்; வாங்கியதைத் திருப்பித் தர முடியாது. அதனால் அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. முதலில் வந்தவர் போகவில்லை என்றால் இரண்டாவதாக வந்தவர் போகலாம். ஒரு வருஷம் ஜெயித்தவன் பனியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டான். தோற்றவன் சந்தோஷமாகக் கிளம்பிப் போனான்.

டெல்மர் ஏற்கெனவே ஒருமுறை நெவாடாவுக்குப் போயிருக்கிறான். வார இறுதிக்கு என்று போனவன் ஒரு மாதத்துக்கு மேல் கழித்து பஸ்ஸில் திரும்பி வந்தான். போகும்போது டிரக்கில் போயிருந்தான். அந்த வசந்தத்திலேயே வீடும் கைவிட்டுப் போனது. அதன் பிறகு வாடகை மாடி. அவளுக்கு முதியோர் இல்லத்தில் சலவை வேலை, அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் கொதிகலன் பார்க்கும் வேலை. மெல்ல மெல்லத்தான் மூச்சு விட முடிந்தது. இந்த ஜனவரியில் ஒருநாள் உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டே அவன் சொன்னான்: "இந்தத் தடவ சீட் கிடைச்சுதுன்னா, நான் அந்தக் கொதிகலன் பக்கமே திரும்பிப் போக மாட்டேன், நோர்."

கத்திச் சொல்லியிருந்தால் அவள் கவலைப்பட்டிருக்க மாட்டாள். கிழங்கைக் கழுவி வைப்பதுபோல அவன் சாதாரணமாகச் சொன்னதுதான் அவளைப் பெயர் கொடுக்க வைத்தது.

ஆக, கடைசி இருவரில் ஒருவனாக அவன் வரக் கூடாது. அதற்கு முன்பே அவனை வெளியேற்ற வேண்டும்.

அவளுக்கு ஆட்டத்தை யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. ஆனால் தோற்ற இரவுகளில் டெல்மர் சமையலறையில் நின்று புலம்புவான். ஜெயித்ததைப் பற்றிப் பேசினால் அது பெருமையடிப்பு, காதில் ஏறாது. தோற்றதைப் பற்றிப் பேசும்போது உண்மை வரும். எல்லாப் புலம்பலும் ஒரே இடத்தில்தான் வந்து முடியும். ஒன்றும் தெரியாத ஒருவன் வந்து உட்காருவான், மணிக்கணக்கில் பந்தயம் வைக்காமல் சீட்டைக் கவிழ்த்து வீசிக்கொண்டே இருப்பான், திடீரென்று தன்னிடம் உள்ள பந்தயச் சில்லு மொத்தத்தையும் நடுவில் தள்ளிவிடுவான். அப்புறம் அவனை ஏமாற்ற இடமில்லை, பேச்சுக் கொடுத்துப் பயமுறுத்த இடமில்லை. ஏற்பதா விடுவதா என்பது மட்டும்தான். பழகியவனின் சாமர்த்தியமெல்லாம் அங்கே செல்லாக்காசு. பாத்திரம் தேய்த்துக்கொண்டே பல வருஷம் இதைக் கேட்டவளுக்குப் பாடம் தானாகப் படிந்துவிட்டது. நல்ல சீட்டுக்குக் காத்திரு. பிறர் தள்ளுவதை ஏற்காதே, நீ தள்ளு. எதிராளி பேசினால் வாயைத் திறக்காதே.

அவள் பெயர் கொடுத்தபோது டெல்மர் சிரித்தான். மேசையில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார்கள், அவள் தட்டிலிருந்த இறைச்சி அடைத்த பேஸ்டிக்குக் குழம்பு ஊற்றிக் கொடுத்தார்கள், அவள் தயங்கினால் அவசரமில்லை என்றார்கள். இவ்வளவு மரியாதையை அந்தக் கடையில் அவள் கண்டதே இல்லை. சந்தைக்குப் போகிற கன்றுக்குத் தண்ணீர் காட்டுகிற மரியாதை அது என்று புரிய அவளுக்குச் சற்று நேரமானது.

அவர்கள் நினைத்தபடி நடக்கவில்லை. அவள் வீசினாள், வீசினாள், வீசிக்கொண்டே இருந்தாள். கட்டாயமாக வைக்க வேண்டிய சில்லு ஏற ஏற, பொறுமை இழந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் பந்தயம் கட்டிப் பாய்ந்து, ஒவ்வொருவராக வெளியேறினார்கள். அவள் தள்ளியபோதெல்லாம் அநேகமாக எல்லோரும் விலகிக்கொண்டார்கள். வெளியே மலைமேல் பழைய சுரங்கக் கோபுரத்தின் சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கியபோது மூன்று பேர்தான் மிச்சம்: டெல்மர், நோரீன், எய்னோ.

எய்னோ ஓய்வுபெற்ற சுரங்கக்காரர். அந்த மேசையில் எல்லோரையும்விடப் பழையவர். இடைவேளையில் பின்வாசலில் சிகரெட்டோடு நின்றவர் அவள் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"ஏம்மா, நீ ஆடுறது போக்கரே இல்ல. புருஷனப் பிடிச்சு வீட்டுக்கு இழுத்துட்டுப் போற வேலை."

அவர் சாம்பலைத் தட்டிவிட்டுத் தொடர்ந்தார்.

"நான் மேசையில இருக்கிற வரைக்கும்தான் உனக்கு வழி. எங்கிட்ட சில்லு கொஞ்சந்தான் மிச்சம். அதுக்காக உனக்கு நான் விட்டுக்குடுக்க மாட்டேன், தெரிஞ்சுக்க."

உள்ளே போனதும் டெல்மர் விலகிக்கொள்ள, எய்னோ இருந்ததையெல்லாம் தள்ளினார். நோரீன் கையில் இரண்டு ராணி. அன்று முழுக்க அப்படி ஒரு நல்ல சீட்டு வரவில்லை. ஏற்று ஜெயித்தால் எய்னோ போய்விடுவார், மிஞ்சுவது டெல்மர். அவள் இரண்டு ராணிகளையும் கவிழ்த்தபடியே வீசினாள். எய்னோ அவளை நிமிர்ந்து பார்த்தார், ஒரு நொடி, மருத்துவர் பார்ப்பதுபோல.

எந்தப் பயனும் இல்லை. மூன்று ஆட்டம் கழித்து டெல்மரே எய்னோவை வெளியேற்றினான். கிழவர் தொப்பியை எடுத்துக்கொண்டு, அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

இனி டெல்மர் ஜெயித்தால் அவன் போவான். அவள் ஜெயித்து, போக மாட்டேன் என்றாலும் அவன்தான் போவான். அவளே ஜெயித்து அவளே போவது ஒன்றுதான் பாக்கி.

அவள் தள்ளினாள். டெல்மர் சிரித்துக்கொண்டே விலகினான். மறுபடி தள்ளினாள். நாலைந்து ஆட்டத்தில் அவன் சிரிப்பு நின்றது. சில்லுக் குவியல் அவன் பக்கமிருந்து அவள் பக்கம் நகர்ந்தது. அவன் அவளைப் பார்த்த பார்வை புதிதாக இருந்தது. இத்தனை வருஷமும் சீட்டுகளை மட்டும்தான் அவன் அப்படிப் பார்த்திருந்தான்.

பிறகு அவன் பந்தயத்தை உயர்த்தினான். உயர்த்திவிட்டு மிக மென்மையாகக் கேட்டான்: "கழுத்து வலி எப்படி இருக்கு, கண்ணு?"

வீட்டை விற்கக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்றும் இதே குரல்தான். அப்படியென்றால் அவன் கையில் ஒன்றுமில்லை. அவளிடம் ஒரு ஜோடி ஆறு.

"மொத்தமும்," என்றாள்.

அவன் விலகியிருக்க வேண்டும். பிடிபட்டவனின் ஆத்திரத்தில், ஊரே பார்க்க, ஏற்றான். அவன் விரித்துக் காட்டியது ராஜாவும் ஜாக்கியும். நடுவில் ஐந்து சீட்டும் விழுந்து முடிந்தன. அவனுக்கு ஒன்றும் சேரவில்லை; அவளுடைய ஆறுகளே ஜெயித்தன.

ரோவீனா உறையோடு வந்து, யார் பெயர் எழுதட்டும் என்றாள். டெல்மர் முந்திக்கொண்டான். "இவளுக்கு எங்க லீவு குடுக்கப் போறாங்க? என் பேரையே எழுது."

"நான் போறேன்," என்றாள் நோரீன். யாரோ கைதட்டினார்கள்.

டெல்மருக்குக் கோபமே வரவில்லை. அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது. காரில் ஏறியதும் கையுறையைக் கழற்றிவிட்டு அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். கல்யாணமான புதிதில் பிடித்ததுபோல.

"ரூம்ல ரெண்டு கட்டிலாம். ரோவீனா சொன்னா. நீ போட்டியில ஆடிட்டு இருக்கறப்ப நான் கீழ சும்மா ஏதாவது மேசையில உக்காந்திருப்பேன். உனக்குத் துணைக்கு."

வேண்டாம் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் அந்த இரண்டு ராணிகள் மனசிலேயே நின்றன. ஏற்றிருந்தால் எய்னோவின் சில்லு அவளிடம் வந்திருக்கும், டெல்மரை இன்னும் சீக்கிரம் முடித்திருக்கலாம். வேறு யாருக்காகவும் பார்க்காமல் ஆடியிருந்தால் எவ்வளவு நன்றாக ஆடியிருப்பாள்.

"எய்னோவ வெளிய அனுப்பினியே, அப்ப உங்கிட்ட என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள்.

அவன் உற்சாகமாகச் சொல்லத் தொடங்கினான். அவள் பனிச் சரிவில் காரை நிதானமாக இறக்கிக்கொண்டே கேட்டாள். இரண்டு இடத்தில் அவனை நிறுத்தி, நீ அங்கே தப்புப் பண்ணினாய் என்று எடுத்துச் சொன்னாள்.