பதினொரு பேரும் உயிருடன்

தேவதாஸை ஜப்பான்காரர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்ற செய்தி வந்தபோது, அவருடைய தம்பி கருணாகரன் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். கேட்டார். கையில் இருந்த கிழங்கை உரித்து முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தார். பத்து பெரெண்டாம் என்ற ஊரில் விமானத்திடல் வேலைக்குப் போன காஜா பெராங் ஊர் ஆண்கள் பதினொரு பேரை, அப்படியே சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மூன்று மாதம்தான் என்று சொன்னார்களாம். அது நாற்பத்து மூன்றாம் வருஷம், மே மாதம்.

கருணாகரன் ஆங்கிலப் பள்ளியில் விஞ்ஞான வாத்தியார். ஜப்பான்காரன் வந்ததும் பள்ளி மூடிப்போயிற்று. ஆங்கிலமும் மலாயும் பிழையில்லாமல் எழுதுவார் என்பதால் நகர அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அங்கே கடிகாரம் தோக்கியோ நேரம் காட்டும். விடியும் முன்பே கிளம்பி, வாசல் சிப்பாய்க்குக் குனிந்து வணங்கிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தால், மாலைவரை எழுத்துதான். அண்ணி கமலவேணி காலையில் என்ன கொடுத்து அனுப்பினாள் என்று யாராவது கேட்டால் அவருக்கு நினைவு இருக்காது. இரண்டு வாய் தின்றிருப்பார், அவ்வளவுதான்.

அவருடைய மேலதிகாரி ஹயாஷிதா, மூக்குக்கண்ணாடி போட்ட மெலிந்த ஆள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கருணாகரன் மேசைக்கடியில் பழைய ஆங்கில விஞ்ஞான சஞ்சிகை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தபோது அவர் பின்னால் வந்து நின்றார். கன்னத்தில் அறை விழும் என்று கருணாகரன் எழுந்து நின்றார். ஹயாஷிதா பக்கத்தைப் பார்த்தார்.

"எலெக்ட்ரான்," என்றார் ஆங்கிலத்தில். "இரண்டு துளை உள்ள திரை. படித்திருக்கிறேன். இரண்டு வருஷம். பிறகு அப்பா இறந்துபோனார்."

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். எந்தத் துளை வழியாக வந்தது என்று பார்க்காத வரையில், இந்தத் துளை என்றோ அந்தத் துளை என்றோ சொல்ல முடியாது என்றார். பார்த்தால்தான் ஒன்றாகும். ஆசிரியர்களிடம் இதை எத்தனையோ தடவை கேட்டும் தனக்குப் புரியவில்லை என்று சொல்லிச் சிரித்தார். கருணாகரனும் தனக்குப் புரியவில்லை என்றார். வேலைக்கு வந்த பிறகு அவர் பேசிய நீண்ட பேச்சு அதுதான்.

அடுத்த பிப்ரவரியில் வழிபாட்டு வரி வந்தது. கோவிலோ, பள்ளிவாசலோ, தேவாலயமோ, சீனக் கோவிலோ, அதைச் சேர்ந்த உயிரோடிருக்கும் ஆண்களின் தலையை எண்ணி ஒவ்வொரு தலைக்கும் வரி கட்ட வேண்டும். காஜா பெராங் அம்மன் கோவில் படிவம் கருணாகரனிடம் வந்தது. பெயருக்கு எதிரே இரண்டே கட்டம்: உயிருடன், மரணம்.

தர்மகர்த்தா கலியாணசுந்தரம் வீட்டுக்கே வந்துவிட்டார். "வாத்தியாரே, சயாமுக்குப் போனவனெல்லாம் திரும்பி வர்ற கதையா? மரணம்னு போட்டுருங்க. பதினொரு தலை குறையும். கோவில்ல மிச்சம் இருக்கறது அம்மனோட வெள்ளிக் கவசம் ஒன்னுதான்."

"மரணம்னு போட்டா அரிசியை நிறுத்திடுவாங்க," என்றார் கருணாகரன். சயாமுக்குப் போனவர்களின் வீட்டுக்கு மாதம் ஆறு காத்தி, அதாவது மூன்றரைக் கிலோ போல அரிசி வந்துகொண்டிருந்தது.

"அம்மனுக்கு யாரு அரிசி குடுக்கறது?" என்று கேட்டுவிட்டுத் தர்மகர்த்தா எழுந்து போனார்.

கருணாகரன் அந்தப் பதினொரு பேரின் வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகக் கேட்கப் போனார். சுப்பையனின் மனைவி அன்னம், "உசுரோடதான் இருக்காரு, எழுதிக்குங்க," என்று கத்தினாள். இன்னொருத்தி கதவைச் சாத்தினாள். கடைசியாகத் தன் வீட்டுக்கு வந்தார். கமலவேணி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அண்ணனுக்கு என்ன எழுதட்டும்?"

அவள் திரும்பவில்லை. "எதை வேணும்னாலும் எழுதுங்க தம்பி. எழுதினதை எங்கிட்ட சொல்லாதீங்க."

மறுநாள் அவர் படிவத்தை ஹயாஷிதாவின் மேசையில் வைத்தார். பதினொரு பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை.

"என்ன இது?"

"தெரியவில்லை. யாரும் பார்க்கவில்லை. பார்க்காததைச் சொல்ல முடியாது என்று நீங்கள்தான் சொன்னீர்கள்."

ஹயாஷிதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "அது பௌதிகம். இது வரி. மத்தியானத்துக்குள் எழுது," என்றார். குரலில் கோபம் இல்லை.

கருணாகரன் இருக்கைக்குத் திரும்பினார். பேனா கனமாகவும் இல்லை, இலேசாகவும் இல்லை. பதினொரு தடவை 'உயிருடன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வரிக்கு வெள்ளிக் கவசம் போயிற்று. அம்மனுக்கு மஞ்சள் துணி சுற்றினார்கள். கலியாணசுந்தரம் அதன்பிறகு தெருவில் கருணாகரனைக் கண்டால் எதிர்ப்பக்கம் போனார். ஜூன் மாதம் அரிசியும் நின்றது. இருந்தவன் வீடு, இறந்தவன் வீடு என்று பார்க்கவில்லை, எல்லோருக்கும் நின்றது. கேட்கப்போன பெண்களிடம், "அரிசி இல்லை" என்று எழுதிய தாளைக் காட்டியது கருணாகரன்தான். அன்னம் அதன் மேல் காறித் துப்பினாள். அவர் தாளைத் துடைத்துவிட்டுப் பழைய இடத்தில் மாட்டினார்.

சண்டை முடிந்து மூன்று மாதம் கழித்து மூன்று பேர் திரும்பி வந்தார்கள். தேவதாஸ் வரவில்லை. வந்தவர்களில் ஒருவன் சுப்பையன். காலில் புண்ணோடு கம்பை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"வாந்திபேதி வாத்தியாரே. ஆகஸ்டு மாசமே போயிட்டாரு. நான்தான் தூக்கிப்போட்டேன்."

"எந்த ஆகஸ்டு?"

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம். போய்ச் சேர்ந்து மூணு மாசம்கூட ஆகல."

கருணாகரன் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவர் 'உயிருடன்' என்று எழுதிய நாளில் அண்ணன் செத்து ஆறு மாதம். அழுகை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. சுப்பையனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த கமலவேணி வெளியே வந்தாள். "அப்படின்னா அந்த அரிசியெல்லாம்?" என்று கேட்டாள்.

"அண்ணன் பேருலதான் வந்துச்சு, அண்ணி. நான் உசுரோட இருக்காருன்னுதான் எழுதினேன்."

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "செத்தப்புறமும் நம்மளுக்குச் சோறு போட்டிருக்காரு," என்று சொல்லிவிட்டு, சுப்பையனின் காலைக் கழுவ வெந்நீர் வைக்கப் போனாள்.